சவுதி இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு அனுப்பற கன்சல்டன்சி: 5க்கு 2 ஸ்டார், ஏன்னு சொல்றேன்

கன்சல்டன்சி பேரு போடப்போறதில்ல, முதல்லயே சொல்லிடறேன். இன்னும் அவங்ககிட்ட எனக்கு ஒரு சின்னக் கணக்கு பாக்கி இருக்கு, அது முடியற வரைக்கும் வம்பு வேணாம். ஆனா இதே மாதிரி ஆஃபர் லெட்டரை வாட்ஸ்அப்ல வாங்கி வச்சிட்டு ராத்திரி 12 மணிக்கு தூக்கம் வராம சீலிங் ஃபேனைப் பார்த்துட்டு படுத்திருக்கறவங்க நிறைய பேர் இருப்பீங்க, போன மூணு மாசமா நானும் அப்படித்தான் இருந்தேன், அதான் எழுதறேன்.

என் கதை சுருக்கமா. திருச்சி பக்கம் ஒரு செல்ஃப் ஃபைனான்ஸ் இன்ஜினியரிங் காலேஜ்ல 11 வருஷமா இங்கிலீஷ் எடுக்கறேன். சம்பளம் 31,000, அது 1ம் தேதி வந்ததா சரித்திரமே இல்ல, 12 ஆகும், 15 ஆகும், ஒரு தடவை தீபாவளிக்கு அப்புறம் வந்துச்சு. கோடை லீவுல அட்மிஷனுக்கு பிள்ளை பிடிக்க ஊர் ஊரா போகணும், டார்கெட் உண்டு, பிடிக்கலன்னா முகத்தைத் தூக்கி வச்சிப்பாங்க. வீட்டுக்காரர் மொபைல் சர்வீஸ் கடை வச்சிருக்கார், பொண்ணு மூணாவது படிக்கறா. வீட்டு லோன் இருக்கு. இந்த நிலைமைல "சவுதி யூனிவர்சிட்டி, லேடீஸ் கேம்பஸ், ப்ரிபரேட்டரி இயர் இங்கிலீஷ் லெக்சரர், 6,000 ரியால், அக்கமடேஷன் ஃப்ரீ"ன்னு ஒரு மெசேஜ் வந்தா என்ன தோணும், 6,000 இன்டு 22.5ன்னு (அப்ப ஒரு ரியால் அவ்ளோ ரூபாய்) கால்குலேட்டரைத்தான் முதல்ல கை எடுக்கும். 1,35,000. அவ்ளோதான், அன்னிக்கு ராத்திரி வீட்ல லோன் முன்கூட்டியே முடியற தேதி வரைக்கும் பேசியாச்சு.

ப்ரிபரேட்டரி இயர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: அங்க பிளஸ் டூ மாதிரி முடிச்சிட்டு யூனிவர்சிட்டி வர்ற பிள்ளைங்க நேரா பாடத்துக்குப் போகாம முதல்ல ஒரு வருஷம் இங்கிலீஷ், மேத்ஸ், கம்ப்யூட்டர்னு படிப்பாங்க. வாரத்துக்கு 16ல இருந்து 20 மணி நேரம் வரைக்கும்கூட இங்கிலீஷ் மட்டுமே ஓடும். அதனால ஒவ்வொரு யூனிவர்சிட்டிக்கும் இங்கிலீஷ் டீச்சர் கூட்டம் கூட்டமா வேணும், அந்த ஆள் எடுக்கற வேலையை நிறைய யூனிவர்சிட்டி தானே செய்யாம கான்ட்ராக்ட் கம்பெனிக்கு விட்ருது. இந்த ஒரு விஷயம் எனக்கு முதல் ஒரு மாசம் புரியவே இல்ல. யூனிவர்சிட்டி லோகோ போட்ட பிரசன்டேஷன் காமிச்சதால யூனிவர்சிட்டிதான் எனக்கு முதலாளின்னு நெனச்சிட்டேன். கடைசில பார்த்தா நடுவுல மூணு பேர்: சென்னை கன்சல்டன்சி, மும்பைல யாரோ ஒரு ஏஜென்ட், அங்க ஒரு கான்ட்ராக்டர். யூனிவர்சிட்டி நாலாவது.

சரி, சர்வீஸ் எப்படின்னு வர்றேன். ஆபீஸ் சென்னைல ஒரு மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்துல ரெண்டாவது மாடி, ஏசி நல்லா இருந்துச்சு, சுவத்துல ரியாத் டவர் போட்டோ, பக்கத்துலயே வெங்கடாஜலபதி. போன உடனே டீ கொடுத்தாங்க. ரெஜிஸ்ட்ரேஷன்னு 5,000 ஜிபே பண்ண சொன்னாங்க, பண்ணேன், பெர்சனல் நம்பருக்குப் போச்சு, அப்பவே உறுத்திருக்கணும். ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாம் வாங்கி வச்சிக்கிட்டாங்க, அட்டெஸ்டேஷனுக்குன்னு. என் எம்.ஃபில் அஞ்சல் வழில பண்ணது, அதை ரெஸ்யூம்ல இருந்தே எடுத்துடுங்க மேம், அங்க டிஸ்டன்ஸ் டிகிரி செல்லாதுன்னு சொன்னாங்க. இது அவங்க சொன்னதுல நிஜமான ஒண்ணு. ரெகுலர்ல படிச்ச டிகிரியைத்தான் அங்க மதிக்கறாங்க. என் கூட வேலை பார்க்கற ஒரு மேடம் எம்.ஏ.வே கரஸ், அவங்க இதைக் கேட்டுட்டு ரெண்டு நாள் என்கூட சரியா பேசல, நான் என்ன பண்ண.

டெமோ கிளாஸ் இன்டர்வியூ அருமையா ஏற்பாடு பண்ணாங்க, அதுக்கு ஒரு ஸ்டார் கண்டிப்பா உண்டு. நேரத்துக்கு லிங்க் வந்துச்சு, அந்தப் பக்கம் கோஆர்டினேட்டர் மேடம் நல்ல மனுஷி, பேசினதுல இருந்து அரபுக்காரங்கதான்னு தெரிஞ்சுது. 10 நிமிஷம் பாடம் எடுக்கணும். நான் நம்மூர் பழக்கத்துல "படத்தைப் பார்த்து விவரி"ன்னு ஒரு பொங்கல் படம் போட்டேன், கோலம், பானை, கரும்பு, ஓரத்துல குத்துவிளக்கு. அந்தம்மா சிரிச்சிட்டே "படம் ரொம்ப அழகு, ஆனா கிளாஸ்ல விளக்கு வர்ற படம் வேணாம், பானையும் கரும்பும் போதும்"னாங்க. கோபமா சொல்லல, கல்யாண வீட்ல பெரியம்மா காதோரமா வந்து முந்தானையைச் சரி பண்ணுன்னு சொல்ற மாதிரி சொன்னாங்க. அப்புறம்தான் தேடிப் படிச்சேன், இங்கிலீஷ் டெக்ஸ்ட்புக் போடற கம்பெனிங்க நடுவுலயே பார்ஸ்நிப்னு ஒரு சுருக்கப் பேரு இருக்காம், அரசியல், மது, மதம், செக்ஸ், போதை, கொள்கைவாதங்கள், பன்றி, இந்த ஏழும் பாடத்துல வராம பார்த்துக்கணும், உலகம் பூரா விக்கற புத்தகத்துக்கே இந்த வடிகட்டி உண்டு. அப்ப "உங்க வாழ்க்கைல மறக்க முடியாத விழா"ன்னு எஸ்ஸே கொடுக்கும்போதுகூட யோசிக்கணும். இது எனக்குப் பெரிய தடையா தெரியல. நம்ம காலேஜ்ல மட்டும் என்ன, பிரின்சிபாலுக்குப் பிடிக்காத ஒரு டாபிக்கைப் பட்டிமன்றத்துக்கு வச்சிட்டு நான் மெமோ வாங்கினவ.

இப்ப வீட்ல. சவுதின்னு சொன்ன உடனே எங்கம்மா "அங்க கையை வெட்டிருவாங்கடி"ன்னு ஆரம்பிச்சாங்க. எங்க தெருவுல ஒரு டீச்சர் அக்கா 2008, 2009ல அங்க இருந்தவங்க, அவங்க வந்து புருஷன் இல்லாம கடைக்குப் போக முடியாது, முத்தவ்வா, அதாவது மத போலீஸ், தெருவுல நின்னு தலையை மூடுன்னு கத்துவான், வண்டி ஓட்ட முடியாதுன்னு வரிசையா சொன்னாங்க. அவங்க சொன்னது பொய் இல்ல, அவங்க இருந்த காலத்து சவுதி அது. 2016 ஏப்ரல்ல அந்த மத போலீஸ்கிட்ட இருந்து யாரையும் பிடிக்கற அதிகாரத்தை எடுத்துட்டாங்க. 2018 ஜூன் 24ல இருந்து பொம்பளைங்க கார் ஓட்டலாம். அதே வருஷம் ஏப்ரல்ல சினிமா தியேட்டர் திரும்ப வந்துச்சு, இப்ப நம்ம தமிழ்ப்படமே அங்க ஓடுது. 2019ல 21 வயசுக்கு மேல இருக்கற சவுதி பொண்ணுங்க ஆம்பளை கையெழுத்து இல்லாம பாஸ்போர்ட் எடுக்கலாம்னு ஆச்சு. மேல போடற நீள அங்கி, அபாயா, கட்டாயம் இல்ல, அடக்கமா உடுத்தினா போதும்னு பட்டத்து இளவரசரே 2018ல சொன்னாரு, ஆனா கேம்பஸ்ல டிரஸ் கோட் தனி, கோஆர்டினேட்டர் மேடம் தெளிவா சொல்லிட்டாங்க, கறுப்பு அபாயா, உள்ள நீளப் பாவாடை. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. சேலைக்கு மேல கோட்டு போட்டுட்டு மே மாசம் லேப்ல நிக்கறவதான நான்.

அம்மாவுக்கு இதெல்லாம் சொல்லிப் புரிய வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. கடைசில அம்மா கேட்டது ஒண்ணுதான், குருமாவுக்கு மசாலா அரைச்சுக் கொடுத்து விடவான்னு. நான் அப்பதான் பதறிப்போய் சொன்னேன், அம்மா கசகசா மட்டும் வேணவே வேணாம். ஏன்னு தெரியாதவங்க தெரிஞ்சிக்கோங்க, கசகசா அங்க போதைப்பொருள் கணக்குல வரும், தெரியாம பெட்டில கொண்டு போய் ஏர்போர்ட்ல மாட்டினவங்க இருக்காங்க, போதை கடத்தலுக்கு அந்த ஊர்ல மரண தண்டனை வரைக்கும் உண்டுங்கறது எல்லாருக்கும் தெரியும். வலி மாத்திரை, தூக்க மாத்திரை எடுக்கறவங்களும் பிரிஸ்கிரிப்ஷன், பெர்மிட் எல்லாம் பார்த்துட்டுத்தான் எடுத்துட்டுப் போகணும். கன்சல்டன்சி இதுல ஒரு வார்த்தை சொல்லல. "பெட்டி 30 கிலோ மேம்"னு மட்டும் சொன்னாங்க.

சாமி கும்பிடறது பத்தியும் கேட்டாங்க வீட்ல. கோயில் கிடையாது, சர்ச்சும் கிடையாது, வெளில எதுவும் பண்ணக் கூடாது. ரூமுக்குள்ள போன்ல முருகர் படத்தை வச்சிக்கிட்டு கும்பிட்டா யாரும் வந்து கேக்கறதில்லன்னு அங்க இருந்தவங்க சொல்றாங்க. மெக்கா பக்கம் நாம போக முடியாது. இதெல்லாம் தெரிஞ்சேதான் போறோம், ஊருக்கு ஒரு வழக்கம்.

எனக்கு நிஜமாவே வயித்தைக் கலக்கினது வேற. நான் ஃபேஸ்புக்ல எழுதற ஆளு. பெரிய எழுத்தாளர்லாம் இல்ல, கவிதை, கொஞ்சம் அரசியல், கொஞ்சம் திட்டு. ஒரு ராத்திரி சும்மா தேடும்போது முகமது அல் காம்திங்கற ஒருத்தரைப் பத்திப் படிச்சேன். ரிட்டயர்ட் வாத்தியார். ட்விட்டர்லயும் யூட்யூப்லயும் அவர் போட்டதுக்காக 2023 ஜூலைல மரண தண்டனைன்னு தீர்ப்பு வந்துச்சு. அவரோட ரெண்டு அக்கவுன்ட்டுக்கும் சேர்த்து ஃபாலோயர் வெறும் 10 பேர். பத்து! எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல அதைவிட ஜாஸ்தி. அப்புறம் 2024ல மரண தண்டனையை எடுத்துட்டு 30 வருஷம் ஜெயில்னு மாத்தினாங்க. சல்மா அல் ஷெஹாப்னு இன்னொரு பொண்ணு, இங்கிலாந்துல லீட்ஸ்ல பிஎச்டி பண்ணிட்டு இருந்தவ, லீவுக்கு ஊருக்கு வந்தப்ப பிடிச்சாங்க, ட்வீட்டுக்காக 2022ல 34 வருஷம்னு தீர்ப்பு, அப்புறம் குறைச்சு 2025ல வெளிய விட்டாங்க. அவங்கெல்லாம் அந்த ஊர்க்காரங்க, நாம பிழைக்கப் போறவங்க, நம்மள எதுக்குத் தேடப்போறாங்கன்னு வீட்டுக்காரர் சொன்னார். சரிதான். ஆனா நான் அன்னிக்கு ராத்திரி உக்காந்து பழைய போஸ்ட் ஒவ்வொண்ணா டெலிட் பண்ண ஆரம்பிச்சேன், 2017 வரைக்கும் வந்தேன், அதுல எங்கப்பா செத்தன்னிக்கு எழுதின ஒண்ணு வந்துச்சு, அதுல அரசியலும் இல்ல ஒண்ணும் இல்ல, ஆனா அதுக்கு மேல கை போகல, மூடி வச்சிட்டேன். இதை எந்த ஸ்டார்ல சேர்க்கறதுன்னு எனக்குத் தெரியல. கன்சல்டன்சி தப்பும் இல்ல இது.

இப்ப கான்ட்ராக்டுக்கு வர்றேன், இங்கதான் கதையே.

ஆஃபர் லெட்டர் ஒரு பக்கம், கான்ட்ராக்ட் 9 பக்கம். ஆஃபர் லெட்டர்ல 6,000. கான்ட்ராக்ட்ல பேசிக் 3,500, போக்குவரத்து 500, பர்ஃபாமன்ஸ் அலவன்ஸ் 2,000. அந்த 2,000 யூனிவர்சிட்டி கொடுக்கற மதிப்பீட்டைப் பொறுத்துன்னு 6ம் பக்கத்துல ஒரு வரி. அதாவது உறுதியா வர்றது 4,000. அதுக்கப்புறம் கான்ட்ராக்ட் காலம் 10 மாசம். கோடை லீவு ரெண்டு மாசம் சம்பளம் கிடையாது, அடுத்த வருஷம் கூப்பிட்டா வரலாம். இப்ப கணக்கைத் திரும்பப் போடுங்க. 4,000 இன்டு 10, வருஷத்துக்கு 40,000 ரியால், 12ஆல வகுத்தா மாசம் 3,333, நம்ம பணத்துல 75,000. முதல் நாள் ராத்திரி வீட்ல பேசின 1,35,000 எங்க, இது எங்க. இதுல சாப்பாடு, போன், 15 சதவீத வாட் போட்ட மளிகை எல்லாம் போகணும். வருமான வரி கிடையாதுங்கறதை மட்டும் கன்சல்டன்சி மேடம் நாலு தடவை சொன்னாங்க.

இதே வேலைக்கு பிரிட்டிஷ், அமெரிக்க பாஸ்போர்ட் வச்சிருந்தா சம்பள அட்டவணையே வேற, அது அந்த ஃபீல்டுல இருக்கற எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம். ஒரே ஸ்டாஃப் ரூம், ஒரே புத்தகம், ஒரே பிள்ளைங்க. இலக்கணம் கேட்டா நம்மகிட்டதான் வந்து கேப்பாங்கன்னு அங்க இருந்துட்டு வந்த ஒரு சார் சிரிச்சாரு, நான் சிரிக்கல.

வேலை எந்த ஊர்லன்னும் பாருங்க. இன்டர்வியூல அபான்னு சொன்னாங்க. மலை மேல இருக்கற ஊர், கிட்டத்தட்ட 2,200 மீட்டர் உயரம், நம்ம ஊட்டி மாதிரி குளிரும்னு வீடியோ எல்லாம் பார்த்து பொண்ணுக்குக் காட்டினேன். கான்ட்ராக்ட்ல "ராஜ்யத்துக்குள் எந்த இடத்திலும்". எங்கயோ பாலைவனத்து நடுவுல போட்டாலும் போய்த்தான் ஆகணும்.

பாஸ்போர்ட் கம்பெனியோட பாதுகாப்புல இருக்கும்னு ஒரு ஷரத்து. நடுவுல விட்டுட்டு வந்தா ரெண்டு மாச சம்பளமும் விசா செலவும் கட்டணும்னு இன்னொண்ணு.

இதை எல்லாம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து சவுதில தம்மாம்ல இருக்கற எங்க அத்தை பையனுக்கு அனுப்பினேன். அவன் டிப்ளமோ முடிச்சிட்டு 14 வருஷமா அங்க இருக்கான், என்கிட்ட ஒரு டென்ஸ் சரியா சொல்லி அடி வாங்காம தப்பிச்சதில்ல. 9 பக்கத்தையும் அவன் படிச்ச மாதிரி தெரியல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "அக்கா, இகாமா எந்தக் கம்பெனி பேர்ல?"

இகாமான்னா அங்க தங்கி வேலை பார்க்கறதுக்கான ரெசிடென்ஸ் கார்டு. அது யார் பேர்லன்னு எனக்குத் தெரியல. கன்சல்டன்சிக்குப் போன் போட்டேன். "அது அங்க போனதும் வரும் மேம், முதல்ல விசிட் விசால போறீங்க, 90 நாள் கழிச்சு யூனிவர்சிட்டி ஓகே பண்ணதும் வொர்க் விசாவா மாத்திடுவாங்க, எல்லாரும் இப்படித்தான் போறாங்க."

அத்தை பையன்கிட்ட சொன்னேன். அவன் அரை மணி நேரம் பேசினான், நான் நோட்டுல எழுதிக்கிட்டேன், கிளாஸ் கவனிக்கற பிள்ளை மாதிரி. அதுக்கப்புறம் நானும் தேடிப் படிச்சு சரி பார்த்துக்கிட்டேன். விஷயம் இதுதான்.

சவுதின்னா முதலாளிகிட்ட அடிமை, அவன் விட்டாத்தான் ஊருக்கு வரலாம்னு நாம கேட்டிருக்கோம் இல்ல, அது 2021 மார்ச் 14ல இருந்து கொஞ்சம் மாறியிருக்கு. ஒரு வருஷம் வேலை பார்த்துட்டா முதலாளி சம்மதம் இல்லாமலே வேற கம்பெனிக்கு மாறலாம். ஊருக்கு வந்துட்டுப் போற எக்ஸிட் ரீஎன்ட்ரியையும், மொத்தமா கிளம்பற ஃபைனல் எக்ஸிட்டையும் நாமளே அப்ஷர்ங்கற சவுதி அரசாங்க ஆப்ல அப்ளை பண்ணலாம். வீட்டு வேலைக்காரங்க, வீட்டு டிரைவர், தோட்ட வேலைக்காரங்க மாதிரி ஆளுங்களுக்கு இது கிடையாது, அது பெரிய அநியாயம், ஆனா டீச்சருக்கு உண்டு. கான்ட்ராக்டை கிவாங்கற அவங்க தொழிலாளர் துறை சைட்ல ஏத்தணும், அதுல நம்ம சம்மதத்தை நாமளே கொடுக்கலாம். சம்பளம் பேங்க் வழியா வரலன்னா அரசாங்கத்துக்குத் தெரியற மாதிரி ஒரு சிஸ்டம் இருக்கு. விசா, இகாமா, அதைப் புதுப்பிக்கற செலவு, வேலை முடிஞ்சா திரும்பற டிக்கெட், எல்லாம் முதலாளி செலவுன்னு அவங்க தொழிலாளர் சட்டத்துல 40வது பிரிவுலயே இருக்கு (நாமளா காரணம் இல்லாம கிளம்பினா டிக்கெட் நம்ம செலவு, அதுவும் அதே பிரிவுதான்). வேலை முடிஞ்சு வரும்போது முதல் அஞ்சு வருஷத்துக்கு வருஷத்துக்கு அரை மாச சம்பளம் கணக்குல ஒரு தொகை உண்டு. வருஷத்துக்கு 21 நாள் சம்பளத்தோட லீவு. பாஸ்போர்ட்டை வாங்கி வச்சிக்கறது அங்கயே சட்டப்படி தப்பு.

ஆனா இதுல ஒண்ணைக்கூட விசிட் விசால போற ஆளு தொட முடியாது. வேலை பார்க்கற மாதிரி விசாவே இல்ல, அப்ப வேலை பார்க்கறதே குத்தம், குத்தம் பண்றவ போய் யார்கிட்ட கம்ப்ளைன்ட் கொடுப்பா. இகாமா இல்லன்னா சம்பளம் போடற பேங்க் அக்கவுன்ட் இல்ல, கிவால கான்ட்ராக்ட் இல்ல, ஆப்ல எக்ஸிட் இல்ல. அத்தை பையன் சொன்ன வார்த்தையை அப்படியே போடறேன்: "அக்கா, இகாமா இருந்தா நீ ஆளு, இல்லன்னா நீ பார்சல்." ஒழுங்கான வொர்க் விசால போனாலும் இகாமா வர கொஞ்ச நாள் ஆகும், இறங்கின நாள்ல இருந்து 90 நாளுக்குள்ள எடுக்கணும், அது வேற. அந்த 90 நாளும் இந்த 90 நாளும் ஒண்ணு மாதிரி தெரியற மாதிரி பேசறதுதான் ஏஜென்ட்டோட திறமை.

அபாயா, கார், சினிமா, முத்தவ்வான்னு ஊரே என்னைப் பயமுறுத்திச்சு, நானும் அதையே ரெண்டு மாசம் தோண்டித் தோண்டிப் படிச்சேன், என்னைக் கட்டிப்போட இருந்த கயிறு சென்னைல ரெண்டாவது மாடில டைப் அடிச்சதா இருந்துச்சு.

ஃபீஸ் கதை இன்னும் இருக்கு. மொத்தம் 85,000 கேட்டாங்க, ரெஜிஸ்ட்ரேஷன் 5,000 போக மீதி 80,000 விசா வர்றதுக்கு முன்னாடியே. நம்ம ஊர் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பற ஏஜென்ட் வேலை தேடிப் போறவங்ககிட்ட வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் அதிகபட்சம் 30,000, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 35,400. அவ்ளோதான். அதுவும் அரசாங்கத்துகிட்ட லைசென்ஸ் வாங்கின ஏஜென்ட்டா இருந்தாத்தான். 1983 எமிகிரேஷன் சட்டம். ஈமைக்ரேட்ங்கற நம்ம அரசாங்க சைட்ல போய் பேரை அடிச்சா லைசென்ஸ் இருக்கா, இல்ல முடிஞ்சு போச்சான்னு காட்டிடும், ரெண்டு நிமிஷ வேலை, நான் அதை மூணாவது மாசம் பண்ணேன். இவங்க பேரு இல்ல. கேட்டா "எங்களோடது மும்பை லைசென்ஸ்ல வருது மேம், நாங்க அவங்க பிராஞ்ச் மாதிரி". மும்பை பேரைக் கேட்டேன், அனுப்பறேன்னாங்க, அனுப்பல.

டிகிரி முடிச்சவங்க பாஸ்போர்ட் ஈசிஎன்ஆர், எமிகிரேஷன் கிளியரன்ஸ் தேவையில்ல, அதனால நமக்கு லைசென்ஸ் இல்லாத ஏஜென்ட்டே போதும்னு ஒரு பேச்சு இந்த வட்டாரத்துல ஓடுது. தப்பு. கிளியரன்ஸ் நமக்கு வேணாம், லைசென்ஸ் அவங்களுக்கு வேணும். ரெண்டும் வேற. சந்தேகம்னா சென்னைலயே வெளிநாட்டு வேலைக்குப் போறவங்களுக்கான அரசாங்க ஆபீஸ், புரொடெக்டர் ஆஃப் எமிகிரன்ட்ஸ், இருக்கு, போய்க் கேக்கலாம்.

நான் எல்லாத்தையும் எழுதி ஒரு மெயில் போட்டேன், மரியாதையாத்தான். வொர்க் விசால அனுப்புங்க, 12 மாச கான்ட்ராக்ட், ஊர் பேரு கான்ட்ராக்ட்ல வரணும், பாஸ்போர்ட் ஷரத்தை எடுங்க, பர்ஃபாமன்ஸை பேசிக்ல சேருங்க. 12 மாசம் நடக்காதுன்னு எனக்கே தெரியும், பேரம்னா கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் ஆரம்பிக்கணும், புடவைக் கடைல போற மாதிரி. மெயிலுக்குப் பதில் மெயில் வரல. வாய்ஸ் நோட் வந்துச்சு. "மேம் நீங்க ரொம்ப ஓவரா யோசிக்கறீங்க, உங்களுக்குப் பின்னாடி 40 பேர் வெயிட்டிங்." எழுத்துல எதையும் கொடுக்க மாட்டாங்க, இதைக் கவனிச்சுக்கோங்க, மூணு மாசத்துல அவங்ககிட்ட இருந்து எனக்கு வந்த எழுத்து ஆஃபர் லெட்டரும் கான்ட்ராக்ட் டிராஃப்ட்டும் மட்டும்தான், மீதி அத்தனையும் குரல்.

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லல. லோன் கணக்கு எழுதின பேப்பர் ஃப்ரிட்ஜ் மேல காந்தத்துல ஒட்டி இருந்துச்சு, அதை எடுத்து மடிச்சு டிராயர்ல வச்சாரு, கிழிக்கல. பொண்ணுதான் கேட்டா, அப்ப ஊட்டி மாதிரி ஊர் இல்லையான்னு.

வேண்டாம்னு சொல்லிட்டேன். சவுதியே வேண்டாம்னு இல்ல, இதை நல்லா படிங்க, யாராவது கமென்ட்ல வந்து அந்த ஊரைத் திட்டாதீங்க. யூனிவர்சிட்டி தானே நேரா எடுக்கற வேலை வந்தா, வொர்க் விசா காப்பியை முதல்ல கண்ணுல காட்டினா, நான் இன்னமும் போவேன், போறதுன்னா ஃபேஸ்புக் கணக்கை என்ன பண்றதுன்னு அப்ப யோசிச்சுப்பேன். சிங்கிளாத்தான் போகணும், குடும்பத்தைக் கூட்டிட்டுப் போனா ஒரு ஆளுக்கு மாசம் 400 ரியால் லெவி கட்டணும், ரெண்டு பேருக்கு 800, அந்த 4,000ல அது எங்க போறது. இன்டர்நேஷனல் இந்தியன் ஸ்கூல்னு ரியாத், ஜித்தா, தம்மாம்ல எல்லாம் சிபிஎஸ்இ ஸ்கூல் இருக்கு, பொண்ணை அங்க சேர்க்கலாம்னு முதல் நாள் கனவு கண்டோம், அது பெரிய சம்பளக்காரங்களுக்கு.

ரெண்டாவது ஸ்டார் யாருக்குன்னு சொல்லணும். சர்டிஃபிகேட்டைத் திரும்ப வாங்கப் போன அன்னிக்கு ரெண்டு மணி நேரம் உக்கார வச்சாங்க. அங்க முன்னாடி ஜெராக்ஸ் எடுத்துட்டு இருந்தது ஒரு சின்னப் பொண்ணு, டிகிரி முடிச்சு ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. முதல் தடவை நான் போயிருந்தப்ப, காப்பி எடுத்துட்டு பேப்பரைக் கைல கொடுக்கும்போது தலை நிமிராம மெதுவா சொன்னா, "அக்கா, விசா காப்பி பார்க்காம பெரிய அமவுன்ட் கட்டாதீங்க." நான் அப்ப அதைப் பெருசா எடுத்துக்கல, ஆனா 80,000 கட்டாம இழுத்தடிச்சதுக்கு அந்த ஒரு வார்த்தை எங்கயோ மூளைல ஒட்டிக்கிட்டு இருந்ததும் ஒரு காரணம். சர்டிஃபிகேட் வாங்கப் போனப்ப அந்தப் பொண்ணு இல்ல. வேற யாரோ உக்காந்திருந்தாங்க. கேக்கலாம்னு நெனச்சு கேக்காம வந்துட்டேன், கேட்டா அவளுக்கு எதாவது ஆயிடுமோன்னு. அந்த ஸ்டார் அவளுக்கு.

சர்டிஃபிகேட் எல்லாம் சரியா இருந்துச்சு, 19 நாள் அலைஞ்ச பிறகு. அட்டெஸ்டேஷனுக்கு அனுப்பியாச்சுன்னு சொன்னது பொய், கவர் பிரிக்கவே இல்ல, நான் போட்ட ரப்பர் பேண்டு அப்படியே இருந்துச்சு. அந்த ரெஜிஸ்ட்ரேஷன் 5,000 மட்டும் வரல. போன செவ்வாய்க்கிழமையும் கேட்டேன். வாய்ஸ் நோட்தான் வந்துச்சு, "ரீஃபண்ட் ப்ராசஸ்ல இருக்கு மேம்"னு, பின்னாடி யாருக்கோ டீ கொடுக்கச் சொல்ற சத்தமும் கேட்டுச்சு.